உசாத்துணை நூலகர் பயிற்சியின் வரலாறு

நூலகத்திற்கு வருவோர் கேட்கும் வினாக்களுக்கு விடை தேடித் தருபவர், அல்லது விடை காணும் வழியைக் காட்டுபவர் உசாத்துணை நூலகர் ஆவார். அகராதி, கலைக்களஞ்சியம், ஆண்டுநூல், நிலப்படத் தொகுதி முதலியவை அவருடைய கருவிகள். கருவிகளை அறிந்தால் மட்டும் போதாது. கேட்பவரின் தேவையையும் அறிய வேண்டும். இவ்விரண்டையும் கற்பிக்கும் முறைகள் படிப்படியாகவே உருவாயின.

அமெரிக்காவில் தொடக்கம்

நூல்களைச் சேர்ப்பதும் காப்பதுமே நூலகரின் முதன்மைக் கடமை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூலகர் மாநாட்டிற்காக, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் பொது நூலகத்தைச் சேர்ந்த சாமுவேல் கிரீன் ஒரு கட்டுரை எழுதினார். நூலகர் வாசகரோடு பேசிப் பழகி உதவ வேண்டும் என்பது அதன் கருத்து. தம் நூலகத்தில் வாசகர்கள் கேட்ட வினாக்களையே அவர் சான்றாகக் காட்டினார்.

1887இல் மெல்வில் டூயி, நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பின் 20 மாணவர்களில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்ப்பதைக் கல்லூரி நிர்வாகம் எதிர்த்ததால், வகுப்பறை கிடைக்காமல் பொருள்கள் வைக்கும் அறையில் பாடம் நடந்தது. 1889இல் பள்ளி ஆல்பனி நகருக்கு மாறியது. பெண்களுக்கு ஒரு புதிய தொழில் இவ்வாறு திறந்தது.

சென்னையில் பயிற்சி

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் (1892–1972) சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானபோது அவருக்கு நூலகப் பயிற்சி கிடையாது. அதே ஆண்டில் இலண்டன் சென்று படித்தார். இங்கிலாந்தின் பல நூலகங்களையும் பார்வையிட்டார். தாம் பெற்ற பயிற்சி இங்குள்ளவர்க்கும் கிடைக்க வழிசெய்தார். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் 1929இல் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதனை ஏற்றது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று.

வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அரங்கநாதனின் ஐந்து விதிகளுள் ஒன்று. உசாத்துணைப் பணிக்கு அதுவே அடிப்படை. அப்பணியை அவர் வகைப்படுத்தினார். புதிய வாசகருக்கு நூலகத்தை அறிமுகம் செய்தல், பொது வாசகருக்கு உதவுதல், உடனே விடை தரத்தக்க வினாக்களைத் தீர்த்தல், நாள்கணக்கில் தேட வேண்டிய வினாக்களை ஆராய்தல் என அவை நான்காகும்.

வினாவை அறியும் கலை

வாசகர் முதலில் கேட்பது அவருக்கு உண்மையில் வேண்டியதாக இராமல் போகலாம். "வேளாண்மை நூல் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு வேண்டியது நெற்பயிரைத் தாக்கிய ஒரு நோயைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். இரண்டொரு கேள்விகளைப் பணிவோடு கேட்டால்தான் அது தெரியவரும். 1968இல் இராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க அறிஞர் இந்த உரையாடலை ஆராய்ந்து, மனத்தில் எழும் தேவை நூலகரிடம் வினாவாக வந்து சேரும்வரை நான்கு நிலைகளைக் கடக்கிறது என்று விளக்கினார்.

இன்றைய மாணவர்க்கு

இன்று இந்தியாவில் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் நூலக, தகவல் அறிவியல் இளநிலைப் பட்டமும், பிறகு முதுநிலைப் பட்டமும் பயிலலாம். நூல்களோடு கணினித் தரவுத்தளங்களில் தேடவும் பழக வேண்டும். கிடைத்த செய்தி எங்கிருந்து வந்தது, நம்பத்தக்கதா என்று சரிபார்ப்பதும் இப்பணியின் பகுதி. இத்தொழிலை விரும்பும் மாணவர், அருகிலுள்ள நூலகத்தில் நாளுக்கொரு வினாவை எடுத்துக்கொண்டு, அதற்கு இரண்டு வேறு நூல்களில் விடை தேடிப் பார்ப்பது நல்ல தொடக்கமாகும்.