திருச்சியில் பிறந்த ஆறாம் ஸ்குவாட்ரன்

கொட்டாரத்திலிருந்து குமரிக் கடல் கூப்பிடு தூரம். அந்தக் கடலை வானிலிருந்து காவல் காத்த ஒரு படைப்பிரிவு நம் திருச்சியில் பிறந்தது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களைப் போற்றும் இந்த மலரில் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1942 டிசம்பர் 1 அன்று இந்திய வான்படையின் ஆறாம் ஸ்குவாட்ரன் திருச்சியில் தொடங்கப்பட்டது. தலைவர் மெஹர் சிங். ஹரிக்கேன் விமானங்களோடு பர்மா எல்லைக்குப் போய், அரக்கான் காடுகளுக்கு மேல் தாழப் பறந்து ஜப்பானியர் இருப்பிடங்களைப் படமெடுத்தார்கள். பிரிட்டிஷ் பதினான்காம் சேனையின் கண்கள் என்ற பெயர் வந்தது அப்படித்தான். நாடு பிரிந்தபோது பிரிவும் கலைந்தது.

1951 ஜனவரியில் புனேயில் மறுபடி எழுந்தபோது அதன் கையில் இருந்தவை லிபரேட்டர் என்ற கனரகக் குண்டுவீச்சு விமானங்கள். நான்கு எஞ்சின், 110 அடி இறக்கை. பசிபிக் போரில் தீவு தீவாக அமெரிக்கர் தாக்கப் பயன்படுத்தியவற்றில் இவையும் உண்டு. இந்த வகையில் மொத்தம் 18,000-க்கும் மேல் செய்தார்கள்.

நமக்கு அவை வந்த விதம்தான் என்னை நெகிழ வைக்கிறது. இரவல் உடன்படிக்கையில் பிரிட்டனுக்கு அமெரிக்கா தந்தவை அவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும். கான்பூரில் நின்றவற்றை இனி எழும்பவே கூடாதென்று பிரிட்டிஷார் சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் செப்பனிட, விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முழுச் சீரமைப்பு அங்கே நடந்தது. ஏறக்குறைய நாற்பது விமானங்கள் இப்படி உயிர் பெற்றன. ஸ்குவாட்ரன் வரலாறு என்றால் விமானியின் பதக்கத்தையே எழுதுகிறோம். கிரீஸ் படிந்த கையோடு எஞ்சினுக்கடியில் கிடந்த ஃபிட்டர்களுக்கு அதில் ஒரு வரி கிடைப்பதில்லை. இந்தப் பிரிவின் கதையை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறாம் பிரிவின் லிபரேட்டர்கள் கடற்கண்காணிப்புக்கு வைக்கப்பட்டன. மணிக்கணக்காக நீரையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கண் அசந்தால் கப்பல் தப்பும். பின்னர் ஏர் இந்தியாவிடமிருந்து வந்த சூப்பர் கான்ஸ்டலேஷன்களும் சேர்ந்தன. 1976-இல் அவை கடற்படைக்குப் போய், அங்கே 312-ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. அது இப்போது அரக்கோணம் ராஜாளித் தளத்தில் இருக்கிறது. திருச்சியில் பிறந்த பிரிவு பார்த்த வேலை, சுற்றிச் சுற்றித் தமிழ்நாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆறாம் பிரிவோ ஜாகுவார் விமானங்களோடு ஜாம்நகரில்.

லிபரேட்டர்களுக்கு 1968 டிசம்பரோடு ஓய்வு. அவற்றில் எச்.ஈ. 807 என்ற ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மிச்சிகனில் ஃபோர்டு ஆலையில் பிறந்து, 1945-இல் கோகோஸ் தீவில் பிரிட்டிஷ் 99-ஆம் பிரிவில் இருந்து, கான்பூரில் கைவிடப்பட்டு, பெங்களூரில் பிழைத்தது அது. பிரிட்டிஷ் வான்படை அருங்காட்சியகம் கேட்டதும் கொடுத்தோம். அன்று வேண்டாமென்று விட்டுப்போன அந்த விமானம், 1974 ஜூலையில் தன் நான்கு எஞ்சின்களோடு தானே பறந்துபோய் இங்கிலாந்தில் இறங்கியது.