ஏலமும் ஈரக்காடும்: ரிவர்ஸ்டன் மலைச்சாரலின் வரலாறு

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியே ஏறும் வீதி ரிவர்ஸ்டனை அடையுமிடத்தில் முகிலுக்குள் புகுந்துவிடுகிறது. நக்கிள்ஸ் எனவும் தும்பறை எனவும் வழங்கும் மலைத்தொடரின் இப்பகுதியில், ஓயாத காற்றினாற் குறுகிய மரங்கள் பாசி போர்த்து நிற்கின்றன. சற்றுக் கீழே பிட்டவலப் பத்தனையில், பாறைமேற் படிந்த மெல்லிய மண்ணின் ஈரக்கசிவிலே, இம்மலைத்தொடரன்றி வேறெங்கும் காணப்படாத பாறைத்தவளை ஒன்று வாழ்கிறது. சதுப்பு நிலமெனப் பெயர் பெறாவிடினும், மழையை உள்வாங்கி மெல்ல விடுக்கும் சதுப்பின் தொழிலையே இக்காடும் செய்கிறது. இம்மலைகளின் நீர் அம்பன் கங்கையைச் சேர்கிறது. பராக்கிரம சமுத்திரத்துக்கு நீரூட்டுவதும் அக்கங்கையே. பொலன்னறுவை வயல்களுக்கும் இம்முகிலுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பி இம்மலைகளின்மேல் ஏறிற்று. மன்னாரிற் கரையிறங்கி வடபாதையால் மாத்தளைவரை நடந்த தென்னிந்தியத் தொழிலாளருட் பலர் வழியிலேயே நோயால் மடிந்தனர். காடழிப்பின் தீங்கை யோசேப் ஹூக்கர் எடுத்துரைக்க, 1873 இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென ஆணை பிறந்தது. (ஹூக்கர் கோடரியை நினைத்தார்; ஏலத்தை நினைக்கவில்லை போலும்.)

ஏலத்துக்கு நிழலும் ஈரமும் வேண்டும். ஆகவே பெருமரங்களை வீழ்த்தவேண்டிய தேவையில்லை. அடிக்காட்டை மட்டும் செதுக்கி, அவ்விடத்திலே கிழங்கு நடுவர். காய் பழுக்குமுன் பறித்துச் சூளையில் உலர்த்துவர். சூளைக்கு விறகோ அதே காட்டிலிருந்து. தொலைவில் நின்று நோக்குவோர்க்குக் காடு குறைவுபடாததாகவே தோன்றும். உள்ளே முதுமரங்கள் இருக்கும். அவற்றின் கன்றுகள் இரா. ஒரு மரம் சாயுமிடத்தில் வானம் திறந்தபடியே கிடக்கும். வெளிப்பட வெட்டப்பட்ட காட்டைவிட இவ்வாறு உள்ளீடழிந்த காட்டை அரசு காலந்தாழ்த்தியே கண்டுகொண்டது என்பது வியப்பன்று.

2000 ஆம் ஆண்டில் இம்மலைத்தொடர் பாதுகாப்புக் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றுடன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஏலச் செய்கைக்குத் தடை வந்தது. நீர் காக்கப்படவேண்டியதில் ஐயமில்லை. ஆயினும் ஏலக்காட்டைத் துப்புரவு செய்தும் காய் பறித்தும் கூலி பெற்ற ஏழைகளுக்குத் தடை என்பது அடுப்பெரியாத நாட்களையே குறித்தது. பயிரிட அனுமதித்த காலத்தின் பிழையை அவர்கள்மேற் சுமத்துதல் நீதியாகாது.

தடையோடு ஏலம் மறைந்துவிடவுமில்லை. கைவிடப்பட்ட பற்றைகள் ஆண்டுகள் பலவாகத் தழைத்து நின்று, காட்டுக் கன்றுகள் முளைக்கவேண்டிய நிலத்தை இன்றும் மூடிக்கொண்டிருக்கின்றன.