குளிரில் எஞ்சினைச் சூடேற்றிய கதை

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. மார்கழிக் காலையில் டிரைவர் சாவியை உடனே முழுக்கத் திருப்ப மாட்டார். "ஹீட்டர் சூடாகட்டும் சார்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நம் பக்கத்து மார்கழி என்ன பெரிய குளிர்? சால்வை போர்த்தினால் போயிற்று. அதற்கே இந்தப் பாடு.

பிறகு அரியலூரில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவர். லடாக்கில் சில வருடம் இருந்திருக்கிறார். விடியற்காலையில் பெரிய கேன்வாஸ் குழாய் வழியே எஞ்சினுக்குள் வெந்நீர் அடுப்பு மாதிரி சூடான காற்றைச் செலுத்துவதுதான் முதல் வேலையாம். "அவசரப்பட்டா எஞ்சின் போயிடும் சார்" என்பார்.

ஏன் போகும் என்று அவர்தான் விளக்கினார். கடுங்குளிரில் ஆயில் வெல்லப்பாகு போல இறுகிவிடும். பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பேட்டரிக்கும் வலு இருக்காது. இதைவிட மோசம், எஞ்சினின் அலுமினிய உடல் உள்ளே இருக்கும் எஃகுத் தண்டைவிட அதிகமாகச் சுருங்கும். பேரிங்கில் ஆயில் நிற்க வேண்டிய இடைவெளி குறைந்துபோகும். அந்த நிலையில் சுழற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசும். வெளியே மட்டும் தொட்டுப் பார்த்துச் சூடு என்று முடிவு செய்யக் கூடாது, உள்ளேயும் இறங்க வேண்டும்.

லடாக்குக்கு விமானம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1948 சாட்சி. லே நகரம் எதிரி கையில் போகும் ஆபத்து. பொறியாளர் சோனம் நோர்பு அவசரமாக ஓர் ஓடுதளம் அமைத்தார். மே 24 அன்று ஏர் கமாடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு டகோட்டாவை அங்கே இறக்கினார். 10,000 அடிக்கு மேல் உயரம். தொடர்ந்து வந்த டகோட்டாக்கள் படைவீரர்களைக் கொண்டுவந்தன, லே தப்பியது. குளிர்காலத்தில் சோஜிலா கணவாய் பனியில் மூடிவிட்டால் வானம் ஒன்றுதான் வழி. எஞ்சின் கிளம்பாவிட்டால் அரிசியும் இல்லை, மருந்தும் இல்லை.

அந்த டகோட்டாவிலேயே ஒரு வித்தை உண்டு. இரவு எஞ்சினை நிறுத்துமுன் ஒரு ஸ்விட்சைத் தட்டி ஆயிலில் கொஞ்சம் பெட்ரோலைக் கலப்பார்கள். ஆயில் நீர்த்து, காலையில் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். ரஷ்யர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். 1941 குளிர்காலத்தில் மாஸ்கோ அருகே ஜெர்மானிய விமானங்கள் பல கிளம்ப முடியாமல் தரையில் நின்றன.

அதற்கும் முன்பு அலாஸ்கா விமானிகளின் முறை இன்னும் எளிது. மாலையில் ஆயிலைச் சூடாகவே டப்பாவில் வடித்து, வீட்டு அடுப்பருகே வைப்பார்கள். காலையில் எஞ்சின்மேல் படுதாவைப் போர்த்தி, கீழே ஸ்டவ்வை ஏற்றி, பக்கத்திலேயே ஓர் ஆள் காவல். கண் அசந்தால் விமானமே எரிந்துவிடும், எரிந்ததும் உண்டு.

டர்பைன் எஞ்சின் வந்த பிறகும் குளிர் விடவில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், அதனால் ழான் புலே என்ற பெயர் எனக்குக் கொஞ்சம் நெருக்கம். 1972 ஜூன் 21 அன்று அவர் லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை செய்தார். மேலே பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரிக்கும் மேற்பட்ட குளிர். இறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைத்தார், அணைந்துவிட்டது. மறுபடி பற்றவே இல்லை. விழும் வேகத்தில் காற்றே இறக்கையைச் சுழற்ற, எஞ்சின் இல்லாமலே தரை வரை இறங்கினார்.

அந்த லாமாதான் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் 'சீத்தா' என்ற பெயரில் தயாரானது. 1984 முதல் சியாச்சினுக்குச் சாமான் சுமப்பது அதுதான். அந்த உயரத்து மேடைகளில் விமானி எஞ்சினை நிறுத்துவதில்லை. இறக்கை சுழலச் சுழல மூட்டைகளை இறக்கிவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் கிளம்பிவிடுவார்.