நாரதர் வேடத்தில் வந்த முதலீடு



என்னிடம் படித்தவர்களில் நன்றாகப் பாடியவர்கள், படம் வரைந்தவர்கள் பலர் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் அதை விட்டுவிட்டார்கள். "வீட்டு வாடகை யார் கட்டுவது, டீச்சர்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊரில் பிறந்த ஒருவரின் குடும்பமும் அந்தக் கேள்வியைச் சந்தித்தது. அந்த வரலாற்றை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே உள்ள அனுமந்தராயன் கோயில் தெருவில், 1916 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். சிறுமியாக இருந்தபோது சேதுபதி பள்ளியில் தாயாரின் கச்சேரி நடந்தது. அங்கே அவரையும் மேடைக்கு அழைத்துப் பாட வைத்தார்கள். அதுதான் அவருடைய முதல் மேடை.

1936இல் அவர் சென்னையில் தி.சதாசிவத்தைச் சந்தித்தார். சதாசிவம் கதர் விற்றவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், அப்போது ஆனந்த விகடனில் பணியாற்றியவர். 1940 ஜூலை 10 அன்று திருநீர்மலையில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 23. மணமகனுக்கு 37. அவர் மனைவியை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனார். அந்தக் குழந்தைகளை எம்.எஸ். தம் பிள்ளைகளாகவே வளர்த்தார்.

திருமணமான மறு வருடமே சோதனை வந்தது. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை செல்ல முடிவு செய்த கல்கி கிருஷ்ணமூர்த்தி விகடனை விட்டு விலகினார். சதாசிவமும் அந்த வேலையை விட்டார். இருவரும் சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்க நினைத்தார்கள். எழுத ஆள் இருந்தார், நிர்வகிக்க ஆள் இருந்தார், பணம்தான் இல்லை.

அந்தப் பணத்தைக் கொண்டு வந்தவர் எம்.எஸ். 'சாவித்திரி' படத்தில் நடிக்க அழைப்பு வந்தது. கதாநாயகி சாந்தா ஆப்தே. எம்.எஸ்ஸுக்குக் கிடைத்தது நாரதர் வேடம். முந்தைய ஆண்டுதான் 'சகுந்தலை'யில் ஜி.என்.பாலசுப்பிரமணியத்துடன் கதாநாயகியாக நடித்திருந்தவர், இப்போது ஆண் வேடம் கட்டினார். அதில் கிடைத்த வருமானம் முதலீடானது. 1941 ஆகஸ்ட் 1 அன்று 'கல்கி' முதல் இதழ் வெளிவந்தது.

'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகிய மூன்றும் அந்தப் பத்திரிகையில் தொடராக வந்தவை. வந்தியத்தேவனைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், அந்தப் பத்திரிகைக்கு முதல் போட்ட மதுரைப் பெண்ணை நினைப்பதில்லை. அந்தக் கடனைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

அடுத்தது 'மீரா'. சதாசிவத்தின் சந்திரபிரபா சினிடோன் தயாரிப்பு, எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கம். பாடல்களை எழுதியவர்களில் கல்கியும் ஒருவர். இசை எஸ்.வி.வெங்கட்ராமன். மூத்த மகள் ராதா சிறுமி மீராவாக நடித்தார். 1945 தீபாவளிக்குத் தமிழிலும், 1947இல் இந்தியிலும் வெளிவந்தது. வட இந்தியா முழுவதும் எம்.எஸ். பெயர் பரவியது.

இனிமேல்தான் சினிமாவில் நிறையச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அதோடு நடிப்பை நிறுத்திவிட்டார். மொத்தம் நான்கே கதைகள். சினிமா அவர்களுக்குப் பிழைப்புக்கும் பத்திரிகைக்கும் உதவிய வழி. போய்ச் சேர வேண்டிய இடம் கச்சேரி மேடை. எந்த வேலை எதற்காக, எது வரைக்கும் என்ற தெளிவு அந்த வீட்டில் இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கே பாடுவது, என்ன பாடுவது, எதை ஒப்புக்கொள்வது என்பதையெல்லாம் பெரும்பாலும் சதாசிவமே தீர்மானித்தார். அவர் இல்லாமல் இந்தப் புகழ் வந்திருக்காது என்பார்கள் ஒரு சாரார். அந்த அம்மாவின் விருப்பத்தை யார் கேட்டார்கள் என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். திட்டம் போட்டவர் பெயர் தெரிகிறது, அதற்காக உழைத்துச் சம்பாதித்தவர் பெயர் கணக்கில் மறைந்துபோகிறது. நம் வீடுகளிலும் இது நடக்கிறதா இல்லையா?

வந்த பணத்தை அவர்கள் சேர்த்தும் வைக்கவில்லை. 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார்கள். வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டின் உரிமைத்தொகை திருப்பதி வேதபாடசாலைக்குப் போனது. பிற்காலத்தில் பணமுடை வந்து, பெரிய 'கல்கி தோட்டம்' வீட்டை விட்டு வாடகை வீட்டுக்கு மாறினார்கள். அப்போதும் கச்சேரி நிற்கவில்லை. சதாசிவம் 1997இல் காலமானார். எம்.எஸ்ஸுக்கு பாரத ரத்னா 1998இல் வந்தது. 2004இல் அவரும் மறைந்தார்.

கணவனும் மனைவியுமாகக் கலையோடு வாழ நினைக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பிழைப்புக்காகச் செய்யும் வேலையை இழிவாக நினைக்காதீர்கள். அதற்கு ஒரு எல்லையை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். யாருடைய உழைப்பு எதற்குப் போகிறது என்பதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மதுரையில் இருப்பவர்கள் கோயிலுக்குப் போகும்போது அனுமந்தராயன் கோயில் தெருவுக்கும் போய் வாருங்கள். முகப்பில் வீணை பொறித்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாட்டை இன்னும் விடாதவர்கள் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.