மூச்சுக்குழாய்வழி மீயொலி ஆய்வு

மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் அகநோக்கியின் முனையில் மீயொலிக் கருவியைப் பொருத்தி, குழாய்ச் சுவருக்கு அப்பால் இருக்கும் நிணநீர்க்கணுக்களையும் கட்டிகளையும் பார்த்துக்கொண்டே ஊசியால் மாதிரி எடுக்கும் முறை. மருத்துவமனைகளில் ‘ஈபஸ்’ என்றால் போதும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இது செய்யப்படுகிறது.

ஆம்பூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ விடாத இருமலோடு வருபவரின் சி.டி. ஸ்கேனில் நடுமார்புக் கணுக்கள் வீங்கியிருந்தால், முதலில் எழும் சந்தேகம் காசநோய். ஆனால் சார்காய்டோசிஸ், லிம்போமா, நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றிலும் அதே கணுக்கள் வீங்கும். ஸ்கேனை மட்டும் வைத்து மருந்து தொடங்குவது ஆபத்தானது. சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருப்பது காசநோயாக இருந்துவிட்டால் நோய் முற்றும். புற்றுநோயாளி காசநோய் மாத்திரை விழுங்கிக் காத்திருந்தால், சிகிச்சைக்கு உரிய மாதங்கள் கைநழுவும்.

முன்பெல்லாம் அந்தக் கணுவை எட்ட, முழு மயக்கம் கொடுத்துக் கழுத்தடியில் கீறி மீடியாஸ்டினோஸ்கோப்பி செய்ய வேண்டியிருந்தது. ஜப்பானின் ஷிகெடோ இகெடா 1960களில் வளையும் அகநோக்கியை உருவாக்கியபின் மூச்சுக்குழாயின் உட்புறம் நன்றாகத் தெரிந்தது. சுவருக்கு வெளியே இருப்பது தெரியவில்லை. 1990களில் ஜெர்மனியில் சுழலும் மீயொலிக் கம்பி வந்தது. நுரையீரலின் ஓரத்துக் கட்டிகளுக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஊசி கணுவுக்குள் நுழைவதைத் திரையில் அப்போதே காட்டும் குவிமுனைக் கருவி பற்றி ஜப்பானின் யாசுஃபுகு குழு 2004இல் எழுதிய பிறகே ஈபஸ் உலகெங்கும் பரவியது.

தொண்டையை மரக்கச் செய்து, லேசான மயக்கம் கொடுத்தால் பெரும்பாலானோருக்குப் போதும். குழாய் வாய்வழியே இறங்கும். டாப்ளர் ரத்த நாளங்களை வண்ணத்தில் காட்டுவதால், அவற்றை விலக்கி ஊசியைச் செலுத்தலாம். எடுத்த மாதிரியின் ஒரு பகுதி நுண்ணோக்கிக்கும், ஒரு பகுதி காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் போகும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இந்த இரண்டாவது பகுதியை அனுப்ப மறக்கவே கூடாது.

மாதிரி நோயின் பெயரைச் சொல்லும், அது வந்த காரணத்தை எப்போதும் சொல்லாது; அதற்கு நோயாளி செய்த வேலையையும் பார்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய் உண்டாக்குவதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பது ஆறு இணைதிறன் குரோமியத்தை. ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமிய உப்பு. ராணிப்பேட்டையிலோ, மூடப்பட்ட குரோமேட் ஆலையின் ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த கழிவு பல ஆண்டுகள் குவிந்து கிடந்தது. எனவே எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை என்பதை மருத்துவர் கேட்டுக் குறித்தாக வேண்டும்.

ரத்தக்கசிவும் காய்ச்சலும் எப்போதாவது வரும். பெரிய சிக்கல்கள் அரிது. பெருந்தமனியை ஒட்டிய சில கணுக்களை ஈபஸ் எட்டாது. லிம்போமாவை வகைபிரிக்க ஊசி மாதிரி பல நேரம் போதாததால், அறுவை பயாப்சி தேவைப்படலாம்.