சுவடியறையில் ஒரு நடுகல்

எம். ஆர். ஜேம்ஸை (1862–1936) நாம் பேய்க்கதை ஆசிரியராகவே அறிவோம். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை தொகுத்த பேரறிஞர் அவர். 1905இல் கிங்ஸ் கல்லூரியின் தலைவரானார். 1918 முதல் இறுதிவரை ஈட்டன் பள்ளியின் தலைவராக விளங்கினார்.

கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டவே பல கதைகளை எழுதினார். அவற்றில் பழஞ்சுவடியையும் புதைபொருளையும் ஆவலோடு தேடும் அறிஞனையே பேய் தொடர்கிறது. அந்த ஆவல் ஜேம்ஸுடையதும்தான். சுவடி பயில்வோர் நம் அனைவருடையதும்கூட.

கதைகளுக்குப் படம் வரையத் தொடங்கிய நண்பர் ஜேம்ஸ் மெக்பிரைட், நான்கு படங்களை மட்டும் முடித்து 1904இல் மறைந்தார். அவ்வாண்டே அந்த நான்கு படங்களோடு முதல் தொகுப்பு வெளிவந்தது. பேய்க்கதை நூலென நாம் கையிலெடுப்பது, தோழனுக்கு நட்ட நடுகல்லும் ஆகும்.