சேமிக்காத படிவ எச்சரிக்கை

இணையப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர், எழுதியதைச் சேமிக்காமல் பக்கத்தை விட்டு வெளியேற முயலும்போது உலாவி தடுத்துக் கேட்கும் கேள்வியே சேமிக்காத படிவ எச்சரிக்கை எனப்படுகிறது. பேக் பொத்தானை அழுத்துதல், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தல், தாவலை மூடுதல் ஆகியவை இதை எழுப்பும். கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலை எனப் பெரும்பாலான விண்ணப்பங்கள் இணையத்துக்கு மாறிவிட்டதால், விண்ணப்பிப்பவரின் உழைப்பைக் காப்பதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு.

வரலாறு

இதற்கு அடிப்படையான ‘பிஃபோர்அன்லோட்’ என்னும் நிகழ்வை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1997இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4இல் அறிமுகம் செய்தது. பிற உலாவிகளும் பின்னர் இதை ஏற்றன. தொடக்கத்தில் எச்சரிக்கை வாசகத்தை இணையதளமே எழுதிக்கொள்ள முடிந்தது. மோசடித் தளங்கள் மிரட்டும் வாசகங்களைக் காட்டிப் பயனரைப் பிடித்துவைத்ததால் அந்த வசதி பறிக்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2011இலும் குரோம் 2016இலும் அதை நீக்கின. அதே 2016இல், பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குத் தாவும் வழக்கத்தையும் குரோம் கைவிட்டது. படிவம் நிரப்புவோர் எழுத்தை அழிக்கப்போய் எல்லாவற்றையும் இழந்ததே அதற்குக் காரணம்.

காரைக்காலில் இதன் தேவை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு வட்டாரங்களில் ஒன்றான காரைக்கால், காவிரிப் படுகையின் கடலோரத்தில் தமிழக மாவட்டங்கள் சூழ அமைந்துள்ளது. தலைநகரான புதுச்சேரி சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது. உயர்கல்விச் சேர்க்கைக்கு ‘சென்டாக்’ எனப்படும் மையப்படுத்தப்பட்ட சேர்க்கைக் குழுவிடம் மாணவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கின்றனர். இத்தகைய விண்ணப்பத்தில் மதிப்பெண், சாதி, குடியிருப்பு விவரங்களை நிரப்பி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரை நாடுகின்றனர். நெடுங்காட்டிலிருந்தோ திருமலைராயன்பட்டினத்திலிருந்தோ வந்து காத்திருந்து நிரப்பியது ஒரு தவறான சொடுக்கில் போய்விட்டால், நேரமும் காசும் சேர்ந்தே வீணாகும்.

மொழிச் சிக்கல்

வாசகம் இப்போது உலாவியின் கையில் இருப்பதால், படிவம் தமிழில் இருந்தாலும் உலாவி ஆங்கிலத்தில் இருந்தால் எச்சரிக்கை ஆங்கிலத்திலேயே வரும். குரோமில் பக்கத்தை விட்டு வெளியேற முயன்றால் ‘லீவ்’, ‘கேன்சல்’ என இரு பொத்தான்கள் தோன்றும். ‘கேன்சல்’ அழுத்தினால் வெளியேறுவதுதான் ரத்தாகும். எழுதியது அப்படியே இருக்கும். விண்ணப்பமே ரத்தாகிவிடும் என்று பயந்து ‘லீவ்’ அழுத்தினால் இழப்பு நேரும். படிவத்தின் தொடக்கத்திலேயே இதைத் தமிழில் விளக்கிவைப்பது பேருதவி.

வரம்புகள்

மின்தடை, கணினி முடங்குதல் ஆகியவற்றின்போது எச்சரிக்கை வராது. கைப்பேசியில் வேறு செயலிக்கு மாறி, பிறகு உலாவியை மூடிவிட்டாலும் வராமல் போகலாம். செயலின்றி இருந்ததால் வழங்கி (சர்வர்) லாகின் தொடர்பைத் துண்டித்துவிட்டால், பக்கத்திலேயே இருப்பவரின் உழைப்பும் வீணாகக்கூடும். இந்தக் கடைசி இடருக்காகவே 2018இல் வெளிவந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 அணுகல் நெறிகள் தம் உயர்நிலை அளவுகோல்களில் ஒன்றைச் சேர்த்தன. அதன்படி, எவ்வளவு நேரம் செயலின்றி இருந்தால் தரவு அழியும் என்பதைப் பயனரிடம் சொல்ல வேண்டும். 20 மணி நேரத்துக்கு மேல் தரவைக் காக்கும் தளங்களுக்கு இது தேவையில்லை.

நல்ல வடிவமைப்பு

உண்மையில் ஏதேனும் மாறியிருந்தால் மட்டுமே எச்சரிக்க வேண்டும். எதையும் நிரப்பாதவரையும் ஒவ்வொரு முறையும் தடுத்தால், மக்கள் படிக்காமலேயே ‘லீவ்’ அழுத்தப் பழகிவிடுவார்கள். ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தும்போது எச்சரிக்கை எழக் கூடாது.

எச்சரிப்பதைவிடச் சிறந்தது தானாகச் சேமிப்பது. வரைவை உலாவியின் நினைவகத்தில் வைப்பது எளிது. ஆனால் பிரவுசிங் சென்டரின் பொதுக் கணினியில் அது ஆபத்து. ஒருவரின் ஆதார் எண்ணும் வருமான விவரமும் அடுத்து உட்காருபவரின் கண்ணில் படலாம். ஆகவே அரசுப் படிவங்கள் வரைவை விண்ணப்பதாரரின் லாகின் கணக்கில், வழங்கியில் சேமிப்பதே முறை. அப்படிச் செய்தால் காரைக்கால் மாணவர் பாதியில் விட்ட விண்ணப்பத்தை மறுநாள் வேறொரு கணினியில் தொடர முடியும். எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவருக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும்.